மலை ஏறிய வண்டிக்கு என்ன விலை?

போன வருடம் எங்கள் மாமா ஒரு பழைய பைக் வாங்கினார். ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கம். சாமையும் புளியும் விற்ற காசு, அதோடு இரண்டு ஆடு விற்ற காசு, எல்லாம் சேர்த்து 36,000 ரூபாய். கீழே சமவெளியில் ஒரு வண்டிக் கடைக்குப் போனோம். "மீட்டரைப் பாருங்க, வெறும் 22,000 கிலோமீட்டர்தான். சிங்கிள் ஓனர்" என்றார் கடைக்காரர். வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். பட்டுப் போல ஓடியது. "நீ படிச்சவன், எப்படிடா இருக்கு?" என்று மாமா கேட்டார். "சூப்பர் மாமா" என்று சொன்னவன் நான்தான்!

மலை ஏறும்போது குட்டு வெளிப்பட்டது. மூன்றாவது வளைவில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தது. அப்புறம் செயின், பிரேக், பின் டயர்... மூன்று மாதத்தில் 8,000 ரூபாய் காலி.

அன்றிலிருந்து இதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என் கட்சி இதுதான். மலையில் ஓட்ட வண்டி வாங்குகிறவர்கள் மீட்டரை வைத்து விலை பேசக் கூடாது. வண்டி எங்கே ஓடியது, என்ன சுமந்தது, இன்னும் எத்தனை வருடம் ஓடலாம் என்ற மூன்றுக்கும்தான் விலை.

சமதரையில் நாலாவது கியரில் ஓடும் ஒரு கிலோமீட்டரும், பின்னால் புளி மூட்டையோடு இரண்டாவது கியரில் ஏறும் ஒரு கிலோமீட்டரும் ஒன்றா? மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒன்றல்ல. போதாக்குறைக்கு, பழைய பைக்குகளில் மீட்டர் ஒரு கேபிளில் ஓடுகிறது. கேபிளைக் கழற்றிவிட்டால் மீட்டர் தூங்கிவிடும், வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. நியூசிலாந்தில் பில் ஹாமில்டன் என்பவர் 1950களில், ஆழமில்லாத ஆறுகளில் போவதற்காக ஜெட் படகை உருவாக்கினார். தண்ணீரை அடியில் உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடித்து ஓடும் படகு அது. ஆழம் குறைந்த இடத்தில் தண்ணீரோடு மணலும் சரளைக்கல்லும் உள்ளே போய் சுழலியைத் தேய்த்துவிடும். அதனால் பழைய ஜெட் படகு வாங்குகிறவர்கள் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்பதோடு நிற்பதில்லை. சுழலிக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். படகுக்கு ஆறு எப்படியோ, பைக்குக்கு மலை அப்படி.

சரி, என்ன பார்க்க வேண்டும்? எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கொடுத்தது இது. (வாங்கிய பிறகுதான் அவரிடம் போனோம். அது எங்கள் தப்பு.)

முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். நாம் போவதற்கு முன்பே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டியாக இருக்கலாம். சைலன்சரில் நீலப் புகை விடாமல் வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். பின் சக்கரத்துப் பல்லிலிருந்து செயினைப் பின்பக்கமாக இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் போச்சு. மீட்டர் குறைவாகக் காட்டி, கிக்கரும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் மழமழவென்று தேய்ந்திருந்தால் ரப்பரை நம்புங்கள். கடைசியாக, முக்கியமாக, ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது கியரில் முறுக்கும்போது சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. மேட்டில் ஓட்டிப் பார்க்க விடாத கடையில் மலைக்காரர்கள் வண்டி வாங்கவே கூடாது.

இனி விலை. அதே மாடல், அதே வருடம், நல்ல நிலையில் என்ன விலை போகிறது என்று மூன்று இடத்தில் விசாரியுங்கள். அதிலிருந்து உடனே செய்ய வேண்டிய செலவைக் கழியுங்கள். மாமாவின் வண்டிக்கு நல்ல நிலையில் 36,000. கிளட்ச் 1,800, செயின் செட் 1,600, பிரேக் ஷூ 700, டயர் 2,200, பெயர் மாற்றமும் இன்சூரன்சும் 1,700. மொத்தம் 8,000. அப்படியானால் நியாய விலை 28,000!

இன்னொரு கணக்கும் உண்டு. பைக்கின் ஆர்.சி. 15 வருடம் செல்லும். பிறகு ஆய்வுக்குக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். மாமாவின் வண்டிக்கு வயது 11. மிச்சம் 4 வருடம். 28,000 என்றாலும் வருடத்துக்கு 7,000. அதே கடையில் 44,000 சொன்ன 7 வயது வண்டிக்கு மிச்சம் 8 வருடம், வருடத்துக்கு 5,500. விலை கூடிய வண்டிதான் மலிவு.

பேப்பர் விஷயத்தில் விற்பவருக்கும் அக்கறை வேண்டும். படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி.யில் பெயர் மாறும் வரை சட்டப்படி அவர்தான் உரிமையாளர். விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கடனில் வாங்கிய வண்டி என்றால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி. இல்லாமல் அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீர்கள்.

"இவ்வளவு பார்த்தால் ஏழைக்கு வண்டியே கிடைக்காது" என்பார்கள். நான் மாற்றித்தான் சொல்வேன். பணம் உள்ளவர் ஏமாந்தால் வேறு வண்டி வாங்கிக்கொள்வார். ஆடு விற்றவருக்கு இன்னொரு ஆடு இல்லை. விலையை அடித்துக் குறைக்கச் சொல்லவும் இல்லை. குறைகளைத் தாளில் எழுதி இருவரும் பார்த்துப் பேசினால், விற்பவரும் ஏமாற மாட்டார், வாங்குபவரும் ஏமாற மாட்டார்.

பணம் மட்டும் போனால் பரவாயில்லை. 2022 ஏப்ரலில் இதே மலையில், சேம்பரைக் கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பழைய வண்டிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தச் சரிவில் ஒரு தவறு நேர்ந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்காகச் சொல்கிறேன். ராத்திரியில் பிரசவ வலி வந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வண்டியும் இதேதான்.

மாமா அடுத்து வண்டி வாங்கும்போது மெக்கானிக் அண்ணனைத்தான் கூட்டிப் போவாராம். என்னைக் கூப்பிட மாட்டாராம் :-) அதுவும் நியாயம்தான்.