இரவில் அமர்த்த வேண்டிய இன்னொரு விளக்கு

பண்டு நம் இல்லத்தார் உறங்கச் செல்லுமுன் முறையாகச் செய்துவந்த பணிகள் சில உண்டு. அடுப்புத் தணலை அவித்தல், தண்ணீர்ப் பானையை மூடுதல், கொல்லைக் கதவைத் தாழிடுதல், இறுதியாக விளக்கை அமர்த்துதல் என அவை ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறும். 'விளக்கை அணை' என்று சொல்லவும் நாக்கூசி, 'விளக்கை அமர்த்து' என்றே சொல்லிப் பழகியவர் நம் முன்னோர். இன்று அவ்வில்லங்களில் புதிதாக ஒரு விளக்கு குடியேறியிருக்கிறது. அதுவே கணிப்பொறி. கூடத்து விளக்குகள் யாவும் அணைந்த பின்னரும் ஒரு மூலையில் அதன் சிறு ஒளி மின்னிக்கொண்டிருக்கிறது. அதன் விசிறி இரைந்துகொண்டிருக்கிறது. இதனை ஒவ்வோர் இரவும் நிறுத்திவிட வேண்டுமா, ஓடவிட்டுவிடலாமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

இஃது ஒரு பொருட்டா என்று பெரியோர் வினவக் கூடும். காட்டூரில் எம் இல்லத்தில் பல இரவுகள் வாதத்திற்குரியதாக இருந்த வினா இது. "அத்தா, அணைச்சுடாதீங்க; இன்னும் இறங்கிக்கிட்டு இருக்கு" என்பான் கல்லூரியில் பயிலும் எம் மகன். "ஆளில்லாத இடத்தில் எதற்கு இந்த வெளிச்சம்?" என்பார் எம் அன்னையார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆகவே இருவர் கூற்றையும் எடை போட்டுப் பார்க்க முற்பட்டோம்.

ஓடட்டும் என்பார் கூற்று

கணிப்பொறியை ஓடவிட வேண்டும் என்பார் முதலாவதாகக் காட்டும் காரணம் அதன் நலம். நிறுத்தினால் உள்ளுறுப்புகள் குளிர்ந்து சுருங்கும். தொடங்கினால் சூடேறி விரியும். இவ்வாறு நாள்தோறும் விரிந்து சுருங்கினால் பற்றவைப்புகள் விட்டுப்போகும் என்பர். இரண்டாவது காரணம் காலம். பழைய பொறிகள் கண்விழிக்கவே சில நிமிடங்கள் ஆயின. மூன்றாவது காரணம் சிக்கனம் என்றால் வியப்பாக இருக்கும். 2000ஆம் ஆண்டுகளின் நடுவில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் அகலப்பட்டை இணைப்புத் திட்டம் ஒன்றில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கூடுதல் கட்டணம் இல்லை. பகலில் அளந்து பயன்படுத்திய இல்லத்தார் இரவில் பொறியை ஓடவிட்டு உறங்கினர். நம் ஊர்களில் இரவெல்லாம் கணிப்பொறி விழித்திருக்கும் வழக்கம் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்காவதாக ஓர் உயரிய காரணமும் உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தார் 1999 மே மாதம் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். வேற்றுலக உயிர்கள் அனுப்பும் குறிகள் வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளில் உள்ளனவா என்று தேடும் பணியை, உலகெங்கும் இல்லங்களில் வேலையின்றி ஓடும் கணிப்பொறிகளுக்குப் பங்கிட்டுத் தந்த திட்டம் அது. இலட்சக்கணக்கானோர் தம் பொறிகளை அதற்கு ஈந்தனர். 2020 மார்ச் மாதத்துடன் அப்பங்கீடு நின்றது. பிறருக்கு உதவவே பொறி விழித்திருந்தது என்றால் அதனைக் குறை கூற எவருக்கு மனம் வரும்?

கொதிகலனும் கணிப்பொறியும்

இக்காரணங்களுள் முதலாவதை ஆராய எமக்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. எம் ஊராகிய காட்டூருக்கு அண்மையில், திருவெறும்பூர்ப் பக்கத்தில், மக்கள் 'பெல்' என்று அழைக்கும் பாரத மிகுமின் நிறுவனம் அனல்மின் நிலையங்களுக்குரிய கொதிகலன்களைச் செய்கிறது. எம் தெருக்களில் வாழ்வோர் பலருக்குச் சோறிட்டது அந்நிறுவனமே. கொதிகலனை இரவுதோறும் அணைத்துக் காலையில் மூட்டுவது வழக்கமன்று. தடித்த எஃகுச் சுவர்கள் ஒரு சீராகச் சூடேறப் பல மணி நேரம் வேண்டும். விரைந்து சூடேற்றினால் உட்புறம் விரிந்து வெளிப்புறம் விரியாமல் உலோகம் விரிசல் காணும். எனவே, 'அணைத்து அணைத்து மூட்டினால் கெடும்' என்னும் மொழி கொதிகலனைப் பொறுத்தவரை முற்றிலும் உண்மை.

கணிப்பொறிக்கு அது பொருந்துமா? கணிப்பொறியின் பழைய நிலைவட்டுகளே 40,000 முறை நின்று தொடங்கும் அளவுக்குச் செய்யப்பட்டவை. நாளொன்றுக்கு ஒருமுறை நிறுத்தினால் அக்கணக்கு முடிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் அப்பொறியும் இராது. அதனை வாங்கிய நாமும் இரோம். சுழலும் வட்டே இல்லாத இன்றைய சேமிப்புக் கருவிகளுக்கு இவ்வச்சம் எழவே இடமில்லை.

வெப்பமோ மெய்யான பகை. பொறியினுள் இருக்கும் மின்தேக்கிகளில் ஒரு வகையின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுவியலார் கைக்கணக்கு. கத்திரி வெயிலில் வெந்து, இரவிலும் சுவர் சுடுகின்ற திருச்சிராப்பள்ளியில், தஞ்சாவூர்ச் சாலையின் புழுதி படியும் எம் போன்றோர் வீட்டில், இரவு முழுதும் விசிறி சுழன்று புழுதியை உள்ளிழுத்துக்கொண்டிருப்பது பொறிக்கு நலமாகாது.

கணக்கு கூறுவது யாது?

இனிச் செலவைக் காண்போம். மேசைக் கணிப்பொறி ஒன்று வேலையின்றி ஓடும்போது 60 வாட் கொள்கிறது எனக் கொள்வோம். இரவு எட்டு மணி நேரத்திற்கு ஏறத்தாழ அரை யூனிட். மின்கணக்கு எடுக்கும் இரு மாதங்களுக்கு 29 யூனிட். கண்ணாடிக் குழல் திரையோடு கூடிய பழைய பொறி 120 வாட் கொண்டிருந்தால் 58 யூனிட். தமிழக அரசு 2016ஆம் ஆண்டில் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் மின்சாரத்தைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. அந்த நூறில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, எவரும் அமராத நாற்காலியின் முன்னே ஒரு பொறி தின்றுவிடுகிறது. அதே பொறியைத் துயில்நிலையில் வைத்தால் 3 வாட் அளவே கொள்ளும். இரு மாதத்திற்கு ஒன்றரை யூனிட்டுக்குள் அடங்கும்.

'கொதிகலன் எப்படியும் எரிந்துகொண்டுதானே இருக்கிறது. நாம் ஒருவர் அணைப்பதால் என்ன குறையும்?' என்று வாதிடுவாரும் உளர். கொதிகலன் எரியும், ஆனால் கேட்கும் மின்சாரம் குறையும்போது அதற்குள் இடும் நிலக்கரியும் குறைக்கப்படும். ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோவுக்கு மேற்பட்ட நிலக்கரி செலவாகிறது. கதிரவன் இல்லாத இரவில் சூரிய மின்தகடுகள் உதவா. எவரோ வெட்டியெடுத்த நிலக்கரி, எம் அண்டை வீட்டார் செய்த கொதிகலனில் எரிந்து, எவருக்கும் பயன்படாத ஒளியாகக் கழிவது வீண்விரயம் அன்றி வேறென்ன?

ஓயாத பொறியின் பிழை

செலவைக் காட்டிலும் பெரிய செய்தி ஒன்று உண்டு. ஓயாமல் ஓடும் கணிப்பொறியில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். விண்டோஸ் 95 மென்பொருள் தான் தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்தை ஆயிரத்தில் ஒரு வினாடி அளவில் எண்ணிவந்தது. அவ்வெண்ணிக்கைக்கு ஒதுக்கப்பட்ட இடம் 49.7 நாட்களில் நிரம்பிவிடும். அதன்பின் பொறி திகைத்து நின்றுவிடக் கூடும். இடையே ஒருமுறை நிறுத்தித் தொடங்கியவர் இக்குறையைக் கண்டதே இல்லை.

உயிர்ச்சேதத்தில் முடிந்த நிகழ்ச்சியும் உண்டு. வளைகுடாப் போரின்போது, 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒன்று நூறு மணி நேரத்திற்கு மேல் நிறுத்தப்படாமல் இயங்கிவந்தது. அதன் கணிப்பொறி காலத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. அப்பின்னத்தைத் துல்லியமாக எழுத இயலாத அதன் கணக்கில், எண்ண எண்ணப் பிழை வளர்ந்து, ஏறத்தாழ மூன்றில் ஒரு வினாடி ஆயிற்று. அந்நேரத்தில் பகைவரின் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். அமைப்பு தவறான இடத்தில் தேடியது. ஏவுகணை படைவீடு ஒன்றின் மீது விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் மாண்டனர். மீண்டும் தொடங்கியிருந்தால் அப்பிழை அழிந்து கணக்கு புதிதாக எழுந்திருக்கும். நெடுநேரம் ஓடவிடலாகாது என்னும் எச்சரிக்கை முன்னரே சென்றிருந்தது. எவ்வளவு நேரம் 'நெடுநேரம்' என்பதை மட்டும் அதில் எவரும் குறிக்கவில்லை. திருத்திய மென்பொருள் மறுநாள்தான் வந்துசேர்ந்தது.

வீட்டுக் கணிப்பொறியில் உயிர்கள் ஊசலாடுவதில்லை. ஆயினும் ஓய்வு என்பது பிழைகளைக் கழுவும் முறை என்பதனை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்றை யாம் அறியோம்.

யாம் இழந்த பதினொரு பக்கங்கள்

எம் பட்டறிவு ஒன்றையும் ஈண்டுக் கூறுதல் தகும். தமிழகத்தில் மின்வெட்டு கடுமையாகத் தொடங்கியிருந்த 2008ஆம் ஆண்டு, எம்.ஃபில். பட்டத்திற்காகச் சீறாப்புராண உவமைகளைப் பற்றிய ஆய்வேட்டை வீட்டில் யாமே தட்டச்சு செய்துவந்தோம். ஓர் இரவு அயர்வு மிக, 'காலையில் தொடரலாம்' என்று கோப்பைத் திறந்தபடியே விட்டுப் படுத்தோம். யாம் பயன்படுத்திய தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தானே சேமித்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. நள்ளிரவில் மின்சாரம் போயிற்று. மேசைக்கடியில் இருந்த யு.பி.எஸ். சிறிது நேரம் கூவிக்கூவி எழுப்பிப் பார்த்துவிட்டு அடங்கிற்று. காலையில் பதினொரு பக்கங்களைக் காணோம். மீண்டும் எழுதினோம், ஆனால் முதலில் வந்த சொற்கள் மீண்டும் வரவில்லை.

அவ்விழப்பிற்கு மின்வெட்டை நொந்து பயனில்லை. அன்றைய வேலையை முடிக்காமல் படுத்தது எம் குற்றம். அன்று விளங்கியதே இக்கட்டுரையின் கருத்து. கணிப்பொறியை நிறுத்துதல் என்பது மின்பொத்தானை அழுத்தும் செயல் மட்டுமன்று. திறந்தவற்றை மூடி, எழுதியவற்றைச் சேமித்து, நகல் ஒன்று எடுத்துவைத்து, நாளைய வேலை எங்கே தொடங்க வேண்டும் எனக் குறித்துக்கொள்ளும் ஒழுங்கு அது. நிறுத்தாமல் விடுபவர் பெரும்பாலும் அவ்வொழுங்கையும் விட்டுவிடுகிறார். ஆதலின் 'அணைத்தல்' என்பதைக் காட்டிலும் 'அமர்த்துதல்' என்னும் நம் பழஞ்சொல்லே இதற்குப் பெரிதும் பொருந்தும் என்போம்.

செய்யத் தக்கன

தொழுகைக்கோ உணவுக்கோ எழுந்து செல்லும்போது துயில்நிலையில் விடலாம். இரவில் முற்றிலும் நிறுத்துக. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், பல பொறிகளில் 'ஷட் டவுன்' என்று கட்டளையிட்டாலும் அமைப்பின் ஒரு பகுதி நினைவில் வைக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுகிறது. ஆகவே வாரம் ஒருமுறையேனும் 'ரீஸ்டார்ட்' கட்டளை தந்து முழுமையாகப் புதுப்பித்தல் நன்று. நிறுத்திய பின் சுவர்ப்பொத்தானையும் அணைக்க. ஐப்பசி, கார்த்திகை இடிமழைக் காலத்தில் செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுக. பெரிய கோப்பு இறங்குகிறதெனில், முடிந்ததும் தானே நின்றுவிடுமாறு பொறிக்கே பணிக்கலாம். மருத்துவமனையும் இரயில் நிலையமும் உறங்கா. அவற்றின் கணிப்பொறிகளும் உறங்க வேண்டா. நம் வீடு உறங்குகிறது.

உறங்கச் செல்லுமுன் விளக்குகளை அமர்த்துமாறும், கதவுகளைச் சாத்துமாறும், கலங்களை மூடுமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நம் வீட்டுச் சிறாரும் அறிவர். எலி திரியை இழுத்துச்சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணம். இன்றைய கணிப்பொறிக்கும் ஒரு சுட்டெலி உண்டு என்று வகுப்பில் யாம் சொல்வதுண்டு, மாணவர் நகைப்பர். நகைப்பினூடே ஓர் உண்மையும் உளது. பொருள்கள் மாறினும், கண் மூடுமுன் வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்துவர வேண்டிய கடமை மாறவில்லை.

எம் மகன் இப்பொழுது இறக்கம் முடிந்ததும் நின்றுவிடுமாறு பணித்துவிட்டுப் படுக்கிறான். கூடம் இருண்ட பின்பே எம் அன்னையார் உறங்கச் செல்கிறார். மாணவச் செல்வங்களே, நாள்தோறும் நீங்கள் எழுதுவன யாவும் நாளையும் உங்களுக்கு வேண்டுவன. ஆகவே இன்றிரவு அவற்றைச் சேமித்து, பொறியை அமர்த்தி, அதன்பின் உறங்குக.