ஆயி மண்டபம் எழுப்பும் வினா

புதுவைப் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் எழிலுற நிற்கிறது. 1852 முதல் 1870 வரை ஆண்ட மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்து நீர் நகருக்கு வந்ததன் நினைவாக எழுந்தது அது. அங்கே தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டியவள் ஆயி என்னும் கணிகை என்பது செவிவழி மரபு.

இன்றும் நிலத்தடி நீரே நம் தாகம் தீர்க்கிறது. ஊசுடு, பாகூர் போன்ற ஏரிகள் நிறைந்தால்தான் அவ்வூற்று ஊறும். நிறைக்காமல் இறைத்தால், கடலோரக் கிணறுகளில் உவர்நீர் புகும்.

அவள் வீட்டை இடித்துக் குளம் தந்தாள். நாமோ குளத்தைத் தூர்த்து வீடு கட்டுகிறோம்! மண்டபத்திற்கு வெள்ளையடிப்பதன்று நன்றி. ஏரிகளையும் வரத்துக் கால்வாய்களையும் காப்பதே நன்றி. மாணவச் செல்வங்களே, சிந்திப்போம்.