வித்தெண்ணெயும் வெயிலும்

எம்முடன் விடுதியில் உறையும் நண்பர் ஒருவர்க்கு நெற்றியிலும் முன்கைகளிலும் வெண்புள்ளிகள் உள்ளன. (இதனை வெண்குஷ்டம் என வழங்குவோர் இன்னும் உளர். தொழுநோய்க்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லையென்பதை அன்னோர் அறிவாராக.) சருமத்திற்கு நிறமளிக்கும் மெலனின் என்னும் பொருள் அவ்விடங்களில் இல்லாமையால், பிறர்க்கு இளவெயிலாகத் தோன்றுவதும் அவர்க்குத் தீயாகும். சென்ற ஆண்டு விளையாட்டு விழாவிற்கு முன்னர் அவர் கடைவீதியில் காரட் வித்தெண்ணெய்ப் புட்டி ஒன்றை வாங்கிவந்தார். இயற்கை வெயிற்காப்பு என்றும், எஸ்.பி.எஃப். 40 என்றும் அதன்மேல் அச்சிட்டிருந்தது. காலையில் அதனை நன்கு பூசிக்கொண்டு மைதானத்தில் நின்றார். மாலையில் அப்புள்ளிகள் சிவந்தன, மறுநாள் கொப்புளித்தன.

வித்தெண்ணெய்களைப் பழிக்க யாம் இதனை எழுதப் புகுந்தோமல்லோம். தமக்குரிய பெருமை நிரம்பப் பெற்ற அப்பொருள்களுக்கு, இல்லாத பெருமை ஒன்றை ஏற்றி விற்பதையே கண்டிக்கின்றோம்.

அந்த 40 என்னும் எண் யாது? மனிதரின் தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் மருந்தைப் பூசி, விளக்கின் புற ஊதாக் கதிர்களை அதன்மேற் செலுத்துவர். வெறுந்தோல் சிவப்பதற்கு வேண்டிய கதிரைப்போல் எத்தனை மடங்கு செலுத்தினால் பூசிய தோல் சிவக்கின்றதோ, அம்மடங்கே வெயிற்காப்பு எண். ஆகவே எண் 30 உடைய மருந்து சிவக்கச்செய்யும் கதிரில் முப்பதில் ஒரு பங்கையே உள்ளே விடும். எண் 2 உடையது பாதியை விட்டுவிடும்.

காரட் வித்தெண்ணெய்க்குச் சான்றாகப் பலரும் காட்டுவது, 2009ஆம் ஆண்டில் ராய்ப்பூர்ப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியை. அதனைப் படித்துப் பார்த்தால், அவர்கள் சோதித்தவை காரட் முதலிய மூலிகைகள் சேர்ந்த கடைக் களிம்புகளேயன்றித் தனி எண்ணெய் அன்று என்பது விளங்கும். காரட் வித்தெண்ணெய் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஆவியால் வடித்த வாசனைத் தைலம். கிழங்கின் செந்நிறப் பொருள்கூட அதில் இல்லை. ராஸ்ப்பெரி வித்தெண்ணெயின் கதையும் இத்தகையதே. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை ஒன்று, அவ்வெண்ணெய் கருவியில் ஒளியை உறிஞ்சும் பாங்கினை டைட்டானியம் டையாக்சைடு சேர்ந்த மருந்துகளோடு ஒப்பிட்டு, அம்மருந்துகளின் எண்களாகிய 28 முதல் 50 வரையுள்ளவற்றைக் குறிப்பிட்டது. ஒப்புக்குச் சொன்ன எண்ணை எண்ணெய்க்கே உரியதாக்கிவிட்டனர் வணிகர்.

2010இல் அதே ராய்ப்பூரினின்று வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி நமக்கு அணுக்கமானது. எண்ணெய்களைச் சாராயத்திற் கரைத்துக் கருவியில் அளந்தனர். தேங்காயெண்ணெய் 7க்குச் சற்று மேலும், ஆமணக்கெண்ணெய் 5க்கும் 6க்கும் இடையிலும், கடுகெண்ணெய் 2ஐ ஒட்டியும், நம் நல்லெண்ணெய் 2க்கும் குறைவாகவும் நின்றன. இவையும் கண்ணாடிக் குப்பியில் அளந்த கணக்கே, தோலிற் கண்டதன்று.

இதன் காரணம் இரசாயனம் பயில்வோர்க்கு எளிதில் விளங்கும். எண்ணெய் என்பது பெரும்பாலும் கொழுப்பமிலங்களின் சேர்க்கை. அவை 240 நானோமீட்டருக்கும் குறுகிய கதிர்களையே உறிஞ்சும். தோலைச் சுடும் சூரிய கதிர்களோ 290 முதல் 320 வரையுள்ளவை. எண்ணெயில் சிறிதளவே கலந்துள்ள வைட்டமின் ஈ முதலியன ஓரளவு உறிஞ்சும், அவ்வளவே. புங்க எண்ணெய் மட்டும் சிறிது வேறு. அதிலுள்ள கரஞ்சின், பொங்கமோல் என்னும் பொருள்கள் நீண்ட புற ஊதாக் கதிர்களை மெய்யாகவே உறிஞ்சுவன. நம் சாலையோரங்களில் உதிர்ந்து மிதிபடும் கொட்டையில் இஃது இருப்பது வியப்பே. ஆயினும் அதுவும் துணைப்பொருளாகத் தகுவதன்றித் தனியே காவலாகாது. அதன் நாற்றத்தை அறிந்தோர் தனியே பூசவும் துணியார்.

இனி அவற்றின் மெய்ப்புகழைக் கூறுவோம். டாக்கா நகரத்துக் குழந்தை மருத்துவமனையில் குறைமாதத்திற் பிறந்த சிசுக்களின் மேனியில் சூரியகாந்தி வித்தெண்ணெயைத் தடவி வந்தனர். எண்ணெய் தடவாத சிசுக்களினும் இவர்களுக்கு மருத்துவமனையில் தொற்றும் நோய் 41 விழுக்காடு குறைந்ததென 2005இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அதிலுள்ள லினோலீயிக் அமிலம் தோலின் மேலடுக்கைச் செப்பனிடுவதே காரணம் என்பர். எல்லா எண்ணெயும் அவ்வாறன்று. 2013இல் இங்கிலாந்தில் செய்த சோதனையில், ஒலீயிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் அம்மேலடுக்கைச் சிதைத்தமை கண்டனர். சூரியகாந்தியெண்ணெய் அதனைக் கெடுக்கவில்லை. எண்ணெய் என்றாலே தோலுக்கு நன்று என்னும் கூற்றும் இதனால் ஆராய்தற்குரியதாகின்றது.

வெயிற்காப்புக் களிம்பிலும் எண்ணெய்க்கு இடமுண்டு. கதிரை உறிஞ்சும் பொருள்களைக் கரைக்கவும், துத்தநாகத் துகளை ஒரு சீராகப் பரப்பவும் அது பயன்படுகின்றது. ஆனால் துத்தநாகப் பொடியை வாங்கித் தேங்காயெண்ணெயில் வீட்டிலேயே குழைத்துக்கொள்ளலாம் என்று சிலர் கூறுவது தகாது. கையாற் குழைத்தால் துகள்கள் திரண்டு நிற்கும். திரளுக்குத் திரள் இடைவெளி விடும். அவ்விடைவெளியில் வெயில் புகும்.

கருந்தோல் உடைய நம்மவர் பலர்க்கு இப்பொய்யெண்ணால் பெருங்கேடு நேராது; நம் தோலின் மெலனினே ஒருவாறு காக்கும். அதனாலேயே விற்பவர் பழிக்கு ஆளாகாமல் தப்புகின்றனர். கேடு விளைவது அக்காவல் இல்லாதார்க்கு: வெண்புள்ளியுடையார்க்கும், பிறவியிலேயே நிறமற்றார்க்கும். வெயிலுக்கு மருந்து தேடிக் கடைக்கு முதலிற் செல்வோரும் அவரே. ஆதலின், மனிதத் தோலிற் சோதித்துப் பெறாத எண்ணை எப்புட்டியிலும் அச்சிடலாகாது என்பதே எம் துணிபு.

நண்பர் அப்புட்டியை எறிந்துவிடவில்லை. இரவில் வறண்ட குதிகாலுக்குப் பூசுகின்றார். அதற்கு நன்றாகவே உதவுகின்றதாம். பகலில் மருத்துவர் அளித்த துத்தநாகக் களிம்பும், நீண்ட கைச்சட்டையும், எம்மிடம் இரவல் பெற்று இன்னும் திருப்பித் தராத தொப்பியும் அவருக்குத் துணை.