கொல்லைப்புறத்துக் கீதம்

கரிபியன் கடலிலே, ஹைத்தியுடன் ஒரே தீவைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் தேசம் டொமினிக்கன் குடியரசு. அங்கே 'பச்சாத்தா' என்ற சொல் ஆதியில் எந்தச் சங்கீதத்தையும் குறித்ததன்று. ஏழை ஜனங்கள் கொல்லைப்புறத்தில் கூடி, ஆடிப் பாடிப் பொழுதுபோக்கும் கேளிக்கைக்கே அப்பெயர்.

1930 முதல் அந்நாட்டை ஆட்டிவைத்த சர்வாதிகாரி ட்ருஹியோவுக்கு மெரெங்கே என்னும் நடன இசைமீதே மோகம். அதைத் தேசிய இசையாக உயர்த்தித் தம் புகழையும் அதிலே பாடச் செய்தார். 1961-ல் அவர் கொலையுண்டார். மறு வருஷமே ஹோஸே மனுவேல் கல்தெரோன் என்பவர் கிட்டார் இசையுடன் பாடிய காதற் சோக கீதங்கள் இசைத்தட்டில் ஏறின. பிழைப்புத் தேடித் தலைநகருக்கு வந்த கிராமவாசிகள் அவற்றில் தங்கள் மனத்தையே கேட்டார்கள். கனவான்களோ முகம் சுளித்தார்கள். 'பச்சாத்தா' என்று அவர்கள் ஏளனமாக இட்ட பெயரே அந்த இசைக்கு நிலைத்துவிட்டது! பெரும்பாலான ரேடியோ நிலையங்கள் அதற்குக் கதவடைத்தன.

1990-ல், அமெரிக்காவில் முறையாகச் சங்கீதம் பயின்ற ஹுவான் லூயிஸ் குவெர்ரா 'பச்சாத்தா ரோஸா' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அதே கனவான் வீடுகளில் அது தாராளமாக ஒலித்தது. குடிசையில் பிறந்த பாட்டுக்குப் படித்தவர் ஒருவரின் சிபார்சு வேண்டியிருந்தது போலும்! படித்தவர் கோஷ்டியைச் சேர்ந்த நாம் இதைச் சற்றுக் கூச்சத்துடனேயே எழுதுகிறோம்.

பிறகு நியூயார்க்கில் குடியேறியவர்களின் பிள்ளைகள், 'அவெந்தூரா' என்னும் கோஷ்டியினர், 2002-ல் அதை ஐரோப்பா வரை கொண்டுபோனார்கள். 2019-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் பச்சாத்தாவை மனித குலத்தின் கலைச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்துகொண்டது. அந்தப் பட்டியலிலும் மெரெங்கே மூன்று வருஷம் முந்திக்கொண்டது!