மூலையைப் பார்த்து வாங்குங்கள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை அக்காள் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இவன் ஏதோ பழைய மெஷின் வாங்கப் போறானாம். நீயும் கூடப் போயிட்டு வாடா" என்றார். குரலில் பயம் தெரிந்தது.

காரணம் எனக்குத் தெரியும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அத்தான் ஒரு பழைய ஜெராக்ஸ் இயந்திரத்தை வாங்கினார். உதிரிபாகம் கிடைக்கவில்லை. வீட்டு முன்புறம் கார் நிறுத்தும் இடத்தில் வருடக்கணக்கில் கிடந்து, கடைசியில் பழைய இரும்புக்காரரிடம் போனது. அன்றைக்கு அத்தானிடம், "நல்ல விலை, விட்டுடாதீங்க" என்று சொன்னவன் நான்தான்.

அக்காள் மகன் அலுவலக வேலையில் இருக்கிறான். வார இறுதியில் படங்களுக்குச் சட்டம் போடும் சிறு தொழில் தொடங்க அவனுக்கு ஆசை. பட்டமளிப்புப் படம், திருமணப் படம், பூசை அறைக்குச் சாமி படம் என்று நம் வீடுகளில் சுவரில் மாட்ட ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கிறது. கிள்ளானில் கடையை மூடப்போகும் பெரியவர் ஒருவர், தம்மிடமுள்ள எல்லாவற்றையும் 8,500 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். கையிருப்போடு சேமநிதியின் மூன்றாம் கணக்கில் உள்ளதையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்பது பையனின் திட்டம்.

போகும் வழியில் அவன் பயன்படுத்த நினைக்கும் அதே வகை பிரேம் கட்டை இரண்டை வாங்கிக்கொண்டோம். விற்பவர் எடுத்து வைத்திருக்கும் மரத்தில் எந்த இயந்திரமும் நன்றாகத்தான் வெட்டும். நம் மரத்தில் வெட்டுகிறதா என்பதுதான் கேள்வி.

கடையில் முக்கியமாக இருந்தது டென்மார்க்கில் தயாராகும் மோர்சோ வகை வெட்டு இயந்திரம். காலால் மிதித்தால் இரண்டு கத்திகள் ஒன்றாக இறங்கி, கட்டையின் இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் வெட்டும். நாங்கள் நான்கு துண்டுகள் வெட்டி மேசையில் சேர்த்துப் பார்த்தோம். மூன்று மூலைகள் சேர்ந்தன. நான்காவது மூலையில் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு சட்டத்துக்கு நான்கு மூலை. மூலைக்கு இரண்டு வெட்டு. ஆக மொத்தம் எட்டு. ஒவ்வொரு வெட்டும் அரைப் பாகை தவறினால், கடைசி மூலைக்கு வரும்போது பிழை 4 பாகையாகச் சேர்ந்திருக்கும். ஒரே மூலையைச் சேர்த்துக் காட்டினால் இது தெரியாது. ஆகவே நான்கையும் சேர்த்துப் பாருங்கள்.

பெரியவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "வெட்டின முகத்தைத் தொட்டுப் பாருங்க தம்பி. கரும்பைக் கடிச்ச மாதிரி இருக்கா? கத்தி மழுங்கிப் போச்சு. தீட்டக் கொடுக்கணும்" என்றார். பிறகு மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். கட்டையைத் தாங்கும் பக்கச்சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதைத் திருகாணியைத் தளர்த்திச் சரிசெய்யலாம். இரண்டுமே தீரக்கூடிய குறைகள். கத்தியின் விளிம்பு உடைந்திருந்தாலோ, இரும்பு உடலில் விரிசல் இருந்தாலோ நாங்கள் அப்போதே திரும்பியிருப்போம்.

அடுத்தது மூலைகளில் ஆணி இறக்கும் இயந்திரம். இதுவும் காலால் மிதிப்பதுதான். இதற்கு 'வி' எழுத்து வடிவில் தனி ஆணி வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஆணி இன்னொன்றின் இயந்திரத்தில் சேராமல் போகலாம். எனக்கு ஜெராக்ஸ் இயந்திரம் நினைவுக்கு வந்தது. ஆணிப் பெட்டியில் இருந்த எண்ணைப் பார்த்து, பெரியவர் வாங்கும் கடைக்கு அங்கிருந்தே அழைத்தோம். இன்னும் விற்கிறார்கள் என்று உறுதியான பிறகுதான் விலை பேசினோம்.

படத்தை அட்டையில் ஒட்டும் பெரிய மின் அழுத்த இயந்திரம் பளபளவென்று இருந்தது. பையனுக்கு அதன்மேல்தான் கண். ஆனால் அதற்கு மும்முனை மின்சாரம் வேண்டும். அவன் வீட்டில் இருப்பதோ ஒருமுனை இணைப்பு. அதை விட்டுவிட்டோம். மிச்சமிருந்த பிரேம் கட்டைகளையும் எடுக்கவில்லை. அழகானவைதான், ஆனால் ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்றுதான் இருந்தன. ஒன்றைத் தவறாக வெட்டினால் அதே மாதிரி வேறு கிடைக்காது.

வெட்டும் இயந்திரம், ஆணி இயந்திரம், மவுண்ட் அட்டை வெட்டும் பலகை ஆகிய மூன்றுக்கும் 4,600 ரிங்கிட். கத்தி தீட்டவும் லாரிக்கும் இன்னும் 500. பழைய பொருளின் விலை என்பது இரண்டையும் கூட்டி வருவதுதான்.

கிளம்பும்போது பையன் தயங்கித் தயங்கி, "ஐயா, ரெண்டு சனிக்கிழமை வந்து வேலை கத்துக்கலாமா?" என்று கேட்டான். பெரியவர் பதில் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பழைய திருமணப் படத்தை எடுத்து வந்தார். வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்ததாம். யாரோ கண்ணாடி படத்தின் மேல் படும்படி சட்டம் போட்டிருக்கிறார்கள். நம் ஊர் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. "உரிச்சா மணமக்கள் முகமே போயிடும். அவங்ககிட்ட வேற பிரதி இல்ல. நடுவுல ஒரு மவுண்ட் அட்டை வச்சிருந்தா போதும்" என்றார். பிறகு, "சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வா" என்றார்.

பையன் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதுவரை அவன் பேசியதெல்லாம் இயந்திரத்தைப் பற்றி. காரில் திரும்பும்போது, பிறர் வீட்டுப் படத்தை வாங்கி வைக்க ஈரமில்லாத அலமாரி ஒன்று வேண்டும் என்றான். சேமநிதியில் கொஞ்சம் தொட வேண்டிவந்தாலும், பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது என்பதில் எனக்கு நிம்மதி.

இதுவரை ஏழு சட்டங்கள் போட்டிருக்கிறான். முதல் இரண்டும் வீட்டுச் சுவருக்கே. போட்ட பணம் திரும்ப இன்னும் நாளாகும். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். ஜெராக்ஸ் இயந்திரம் கிடந்த அதே இடத்தில் வெட்டு இயந்திரம் நிற்கிறது. அக்காள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"தம்பி, இதுக்கு ஆணி கிடைக்கும்தானே?"