லிஸ்பன் முதல் கோவா வரை

பள்ளிப் பிள்ளைகள் உள்ள இல்லத்தில் உலக உருண்டை ஒன்று இருக்குமானால், ஒரு நூலை எடுத்து, அதன் ஒரு முனையை லிஸ்பன் நகரின் மீதும் மறுமுனையைக் கோவாவின் மீதும் வைத்து இறுக்கிப் பாருங்கள். நூல் காட்டும் வழியே மிகக் குறுகிய வான்வழி. அதன் நீளம் ஏறத்தாழ 8,300 கிலோமீட்டர். மணிக்கு 870 கிலோமீட்டர் வேகத்தில் எங்கும் நில்லாது பறக்கும் விமானம் இதனை ஒன்பதரை மணி நேரத்தில் கடந்துவிடும். வானின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் வலிய காற்று எதிர்ப்படுவதால், திரும்பும் பயணத்திற்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இக்கணக்கில் நம் இல்லங்களில் நேரும் பிழை ஒன்று உண்டு. குளிர்காலத்தில் லிஸ்பன் கடிகாரம் நம்முடையதற்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். ஆகவே அங்கே காலை 8 மணிக்குப் புறப்படுபவர் கோவாவில் இறங்கும்போது இரவு 11 மணி ஆகியிருக்கும். பயணச் சீட்டைக் கண்டு, "பதினைந்து மணி நேரமா பிள்ளை உட்கார்ந்தே வரவேண்டும்?" என்று பாட்டிமார் கலங்குவர். பறப்பதோ ஒன்பதரை மணி நேரமே.

இதே இரு நகரங்களுக்கிடையே தூய சவேரியாருக்குப் பதின்மூன்று மாதங்கள் ஆயின. 1541 ஏப்ரல் 7 ஆம் நாள், தம் முப்பத்தைந்தாம் பிறந்த நாளன்று லிஸ்பனில் கப்பலேறியவர், 1542 மே 6 ஆம் நாள் கோவாவில் கரையிறங்கினார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869 இல் அன்றோ! அந்நாளில் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வரவேண்டும். வான்வழியைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்ட தூரம். அதிலும் காற்று துணை செய்ய வேண்டும். பருவக்காற்றைத் தவறவிட்ட அக்கப்பல், மொசாம்பிக்கில் ஏறத்தாழ அரையாண்டு காத்துக் கிடந்தது. சவேரியார் அங்கே நோயாளர் நடுவே பணிபுரிந்து, தாமும் காய்ச்சலில் விழுந்தார். முத்துக்குளித்துறை மக்களிடம் அவர் வந்தடைந்தது அவ்வாண்டின் பிற்பகுதியில்.

மனிதர் மட்டுமா, மடல்களும் அக்கப்பல்களிலேயே வந்தன. கோவாவிலிருந்து உரோமைக்கு எழுதினால், மறுமொழி வரக் குறைந்தது ஒன்றரை ஆண்டாகும். அதுவும் கப்பல் கவிழாதிருந்தால். தோழர்கள் அனுப்பிய மடல்களிலிருந்து அவர்களுடைய கையொப்பங்களை வெட்டியெடுத்துச் சவேரியார் தம் மார்பில் அணிந்திருந்தார். வெளிநாட்டிலுள்ள மகனிடம் நாள்தோறும் தொலைபேசியில் பேசும் நமக்கு, இது சற்று மிகையாகத் தோன்றலாம். அடுத்த கப்பல் எப்போது என்று தெரியாதவர்க்கு அப்படித் தோன்றியிராது.

1553 ஜூன் 28 ஆம் நாள் தூய இஞ்ஞாசியார் உரோமையிலிருந்து சவேரியாருக்கு மடல் எழுதினார். ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு அதில் கட்டளையிட்டிருந்தார். சவேரியாரோ 1552 டிசம்பர் 3 ஆம் நாளே சீனக் கரைக்கு அருகிலுள்ள சான்சியன் தீவில் இறந்திருந்தார். ஆறு மாதங்களுக்கு மேலாகியும் அச்செய்தி உரோமையை எட்டவில்லை. அம்மடல் எழுதப்பட்ட நாளில் அவருடைய உடல் மலாக்காவில் அடக்கம் செய்யப்பட்டுக் கிடந்தது.