உது சும்மா ஒரு மொடல்தானே!

எங்கட வாசிப்பு வட்டத்தில் அண்மையில் மேற்கு அந்தாட்டிக்கா பற்றிய ஓர் ஆய்வைக் கதைத்துக்கொண்டிருந்தோம். பிரித்தானிய அந்தாட்டிக் ஆய்வு நிறுவனத்தில் சமுத்திர மொடல் செய்கிற கேய்ட்லின் நோட்டனும் சகாக்களும் 2023 ஒக்டோபரில் வெளியிட்டது. அமுண்ட்சன் கடல் கடந்த நூற்றாண்டைவிட இந்த நூற்றாண்டில் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகச் சூடாகும், பாரிஸ் உடன்படிக்கையின் கடுமையான இலக்கை எட்டினாலும் இதில் பெரிய வித்தியாசம் வராது என்பது அதன் சாரம். கதை முடிய முதலே ஒருவர் சொன்னார்: "உது சும்மா ஒரு மொடல்தானே. அங்க ஒருக்காலும் போகாம, ஏசி அறைக்குள்ள இருந்து கொம்பியூட்டரில தட்டிப்போட்டுச் சொல்லினம்."

கனபேர் சிரித்தார்கள். எங்களில் சிலரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில்.

சரி, போய்ப் பார்ப்பம். எதைப் பார்ப்பது? துவைட்ஸ் பனியாறு இலங்கையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பரப்புள்ளது. அது கடலைச் சந்திக்கும் இடத்தில் பல நூறு மீற்றர் தடிப்பான பனித்தட்டாக மிதக்கிறது. உருகுவது மேலே அல்ல, அடியில். செய்மதிக்குப் பனிக்குக் கீழே உள்ள தண்ணீர் தெரியாது. 2020 ஜனவரியில் சுடுதண்ணீரால் கிட்டத்தட்ட 600 மீற்றர் ஆழத்துக்குத் துளை போட்டு, ஐஸ்ஃபின் என்ற ரோபோவை இறக்கிப் பார்த்தார்கள். சுவீடனின் ரான் என்ற ரோபோ 2024 ஜனவரியில் டொட்சன் பனித்தட்டுக்குக் கீழே போனது, திரும்பி வரவேயில்லை. உலகக் கடலெல்லாம் அளந்து திரியும் ஆர்கோ மிதவைகளும் தகவல் அனுப்ப மேலே வரவேண்டும். மேலே பனி மூடிக் கிடந்தால் எங்கே வருவது? அதனால் யானைச் சீல்களின் தலையில் உணரியை ஒட்டிவிடுகிறார்கள். அவை இரை தேடி மூழ்கும்போது வெப்பநிலையும் உப்பும் பதிவாகின்றன, தோல் உரியும் காலத்தில் உணரி கழன்று விழுகிறது. மாரிகாலத் தென்கடல் பற்றி எங்களுக்குத் தெரிந்ததில் ஒரு பெரும் பங்கு சீல்கள் தந்தது. பகிடி இல்லை.

ஆக, "போய்ப் பார்த்தால்தான் நம்புவன்" என்பவர் கேட்பது ஒரு துளை, சில நாள், ஒரு சீல் போன பாதை. இந்தச் சிதறிய புள்ளிகளுக்கு நடுவில் இருக்கிற கடலை யார் சொல்வது? அந்த வேலைதான் மொடல் செய்பவரின் வேலை. அதை அவர் குறிகேட்டுச் செய்வதில்லை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த எவருக்கும் அடிப்படை தெரியும்: நியூட்டனின் இரண்டாம் விதி. கடலைப் பெட்டி பெட்டியாக வெட்டுகிறார்கள். ஒரு பெட்டியிலிருந்து போகிற தண்ணீர், வெப்பம், உப்பு எல்லாம் பக்கத்துப் பெட்டிக்குக் கணக்காகப் போய்ச் சேரவேண்டும். சில நிமிடம் முன்னே நகர்த்தி, திரும்பக் கணக்கிட்டு, இப்படியே ஒரு நூற்றாண்டு. பெட்டியின் நீள அகலத்தைப் பாதியாக்கினால் பெட்டிகள் நான்கு மடங்காகும், நேர அடியையும் பாதியாக்கவேண்டும், மொத்த வேலை எட்டு மடங்கு.

துருவத்தில் இந்தத் தலையிடி இன்னும் கூட. எங்கட பக்கக் கடலில் சுழிகள் நூறு கிலோமீற்றருக்கு மேல் அகலமானவை. அந்தாட்டிக்காக் கரையோரம் அவை சில கிலோமீற்றர்தான். பெட்டி பெரிதென்றால் சுழி வலைக்குள்ளால் நழுவிவிடும், அதோடு அது கொண்டுவரும் வெப்பமும் போய்விடும். அந்த வெப்பம் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பு வரும், ஆழத்திலிருந்து வருகிற தண்ணீர் வெறும் 1 பாகை செல்சியஸ். ஆனால் கடல்நீர் உறைவது கிட்டத்தட்ட −1.9 பாகையில். பனிக்கு அது கொதிதண்ணீர் மாதிரி. வடக்கில் வேறு கூத்து: நெடுங்கோடுகள் எல்லாம் வடதுருவத்தில் ஒரு புள்ளியில் கூடுவதால் பெட்டிகள் நசிந்து கணக்கே நின்றுவிடும். அதனால் பல மொடல்களில் வலையின் வடதுருவத்தை இரண்டாக உடைத்து, ஒன்றைக் கனடாத் தரையிலும் மற்றதைச் சைபீரியாத் தரையிலும் வைத்துவிடுகிறார்கள். ஏசி அறை வேலை எண்டு சொல்பவர்கள் இதை ஒருக்கால் யோசிக்கவேண்டும்.

இந்தக் கப்பல்காரர்–கதிரைக்காரர் சண்டையே பொய்ச் சண்டை. 1893 முதல் 1896 வரையான பயணத்தில் நோர்வேயின் நான்சன், ஃபிராம் கப்பலைப் பனிக்குள் வேண்டுமென்றே சிக்கவைத்து ஆட்டிக் சமுத்திரத்தில் மிதந்தார். பனி காற்றின் திசையில் போகாமல் வலப்பக்கமாக விலகிப் போவதைக் கண்டார். ஏன் என்று விளக்கியவர் எக்மன், அந்தக் கப்பலில் போகாத ஒரு சுவீடன் மாணவர். கடுதாசியும் பென்சிலும் வைத்து அவர் செய்த கணக்கு 1905இல் விரிவாக வெளிவந்தது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் எங்கள் தெற்குக் கரையில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வருவதையும் அதே கணக்குத்தான் விளக்குகிறது. பனிக்குள் நின்றவருக்கு முழு விடை தெரியவில்லை, கதிரையில் இருந்தவருக்குக் கேள்வி தெரிந்திராது.

மொடல் பிழைக்காதா? பிழைக்கும், நல்லாவே பிழைத்திருக்கிறது. அந்தாட்டிக்காவைச் சுற்றிய கடற்பனி குறையும் என்று மொடல்கள் சொல்ல, 2014 வரைக்கும் அது மெல்லக் கூடியது. 2016இல் சடாரென்று விழுந்தது. 2023 மாரியில் செய்மதிப் பதிவில் இல்லாத அளவுக்குக் குறைந்தது. இந்த ஏற்ற இறக்கத்தை மொடல்கள் பிடிக்கவில்லை. பெரும்பாலான உலகக் காலநிலை மொடல்களில் பனித்தட்டுக்குக் கீழே உள்ள குகைக் கடலே கிடையாது. நோட்டன் குழுவின் ஆய்வும் ஒரே ஒரு சமுத்திர மொடலில் செய்ததுதான். இவ்வளவும் எங்களுக்கு எப்படித் தெரியும்? மொடல் செய்பவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தன் பிழையைத் தானே அளந்து வெளியிடுகிறவரை "சும்மா" எண்டு சொல்லுகிற வாய், தன் கதைக்கு எந்தக் கணக்கும் காட்டுவதில்லை.

இன்னொன்று. புயல் வருகுது எண்டு அறிவித்தால் கரையில் வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டுகிறோம். அதுவும் மொடல்தான். அப்போது ஒருவரும் சிரிப்பதில்லை. மூன்று நாளில் சரிபார்க்கக்கூடிய மொடலை நம்புகிறோம், ஐம்பது வருடத்தில் சரிபார்க்க வேண்டியதைப் பகிடி பண்ணுகிறோம். கரையோரத்தில் காணி விற்கிறவருக்கும் எண்ணெய் விற்கிறவருக்கும் இந்தப் பகிடி எவ்வளவு வசதி!

தேவேந்திரமுனையிலிருந்து நேர் தெற்கே போனால் அந்தாட்டிக்கா வரைக்கும் தரையே இல்லை. பனி கரைந்தால் அதன் ஈர்ப்பும் குறைவதால் பக்கத்துக் கடல் இறங்கும், தூரத்துக் கடல் சராசரியைவிடக் கூட ஏறும். நாங்கள் தூரத்தில் இருக்கிற ஆக்கள்.

உண்மையில் கோபப்பட வேண்டிய இடம் வேறு. நோட்டன் குழு பாவித்த எம்ஐடிஜிசிஎம் மொடலின் கோட் இலவசம். நீமோ, ரோம்ஸ் எல்லாம் இலவசம். சீல் தந்த தரவும் இலவசம். ஆனால் ஒரு நூற்றாண்டை ஓடவிட, எடின்பரோவில் இருக்கிற ஆர்ச்சர் 2 மாதிரி ஒரு சுப்பர் கொம்பியூட்டர் வேண்டும். எங்கட கரைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பதைக் கணக்கிடுகிற மேசையில் எங்கட பெடியள், பெட்டையள் எத்தனை பேர்? எங்களில் ஒருத்தி பௌதிகவியல் படித்துச் சமுத்திரவியலுக்குப் போகப்போறன் எண்டு சொல்ல, வீட்டுக்கு வந்த ஒரு வாத்தியார் கேட்டது: "கடலோ? மீன்பிடிக்கப் போறியோ, பிள்ளை?" மீன்பிடிப்பதைக் கேவலமாக நினைக்கிற அந்த வாய்தான் மொடலையும் சும்மா என்கிறது.

அவளும் இன்னொருவரும் போன கிழமை அந்தக் கோட்டை இறக்கி ஒரு பழைய மடிக்கணினியில் போட்டுப் பார்த்தார்கள். பயிற்சிக்கு வருகிற ஒரு சதுரக் கடல், மேலே காற்று, அவ்வளவுதான். முதல் இரண்டு தரமும் நேர அடியைப் பெரிதாக வைத்ததால் எண்கள் வெடித்து ஒன்றுமில்லாமல் போனது. மூன்றாம் தரம் மேற்குக் கரையோரமாக ஒரு நீரோட்டம் தானாகத் திரண்டு வந்தது. "சும்மா" என்று சொன்னவரும் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இதில இலங்கை எங்க?" எண்டு கேட்டார். இலங்கை இன்னும் இல்லை. அடுத்த கிழமை போடப் பார்க்கிறோம்.